வெள்ளை தெரியும்வரை

ஒரு காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, மறு காலை மெல்லத் தூக்கி, தண்ணீருக்கடியில் கால்விரல்களால் துழாவி, தண்டு எது, சேறு எது, மண்தொட்டியின் விளிம்பு எது என்று பார்த்த பிறகுதான் அவன் அடுத்த அடி வைப்பான். தொடையளவுத் தண்ணீரில் அப்படி நின்று நின்றே அவனுக்குக் கொக்கு என்று பெயர் வந்துவிட்டது. முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். சம்பள நாளில்கூட, "கொக்கு எங்கே, வரச் சொல்லு" என்பார்.

அல்லிக் குளத்தில் பூட்ஸ் போட்டு இறங்கக் கூடாது என்பது அந்தப் பண்ணையின் சட்டம். "பூட்ஸுக்குக் கண்ணு கிடையாது. வெறுங்காலுக்குத்தான் தண்டு எதுன்னு தெரியும்" என்று சொல்வார் முதலாளி. அவர் கரையோடு சரி. கரையில் பூட்ஸ் போட்டுத்தான் நடப்பார்.

கொக்கு பழுத்த இலைகளைக் கிள்ளித் தோளில் தொங்கிய சாக்குப் பையில் போட்டபடி வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தான். பகலில் பூக்கிற வெள்ளை அல்லிகள் முழுக்க விரிந்திருந்தன. கரையில் தகரக் கூரை போட்ட மண் கொட்டகையில் அவன் மனைவியும் களிமண் அக்காவும் புதுத் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். களிமண்ணை மிதித்துப் பதம் பார்ப்பது அக்காவின் வேலை. அதோடு, கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கிண்டல் செய்வதும்.

"உன் வீட்டுக்காரர் என்னடி இன்னைக்கு இந்த வேகத்துல போறாரு? கொக்குக்கு மீன் எதுவும் கண்ணுல பட்டுடுச்சா?"

"காலு மரத்துப் போச்சாம்க்கா. அதனால நடக்கறது சுலபமா இருக்குங்கறாரு."

"குடுத்து வச்சவரு. எனக்கு முட்டிலேருந்து பாதம் வரைக்கும் உசுரு போகுது. எனக்கும் கொஞ்சம் மரத்துப்போகச் சொல்லேன்."

மனைவி சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். குளத்தின் மூலையில், ஊதா அல்லி இருந்த இடத்தில், தட்டுத் தட்டான இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போவது தெரிந்தது. பூத்திருந்த ஒரே பூவும் கூடவே தலை கவிழ்ந்து இறங்கியது.

"என்னங்க! காலு! காலை எடுங்க!"

கொக்கு அவளைப் பார்த்தான். "என்னடி?"

"தொட்டி மேல நிக்கிறீங்க!"

அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். அவன் முகத்தில் திகைப்புத்தான் இருந்தது, யாரோ இன்னொருவருடைய காலைப் பற்றிச் சொன்னது போல. பிறகு கையை விட்டுத் தடவினான். உடைந்த மண்தொட்டியின் ஓட்டுச் சில் ஒன்று கையோடு வந்தது. கலங்கிய தண்ணீரில் சிவப்பாக ஏதோ நூல் போல மேலே வந்து பரவியதை அவள் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார்.

"சில்லெல்லாம் அப்புறம் பொறுக்கிக்கலாம். முதல்ல கிழங்கை எடு. மெதுவா. குருத்துல கை படாம எடு."

கொக்கு இரண்டு கைகளாலும் கிழங்கை ஏந்தி வந்தான். குருத்துக்குப் பக்கத்தில் நசுங்கிப் பிளந்திருந்தது. முதலாளி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியூரிலிருந்து பஞ்சில் சுற்றி வரவழைத்த தாய்க்கிழங்கு அது. பெரிய ஹோட்டல் ஒன்று தன் முற்றத்துக் குளத்துக்கு அந்த ஊதா நிறம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தது. அதிலிருந்து குட்டி எடுத்துப் பெருக்க வேண்டும்.

"இத்தனை வருஷத்துல ஒரு தண்டை நீ மிதிச்சதில்லையே கொக்கு. எப்படி மிதிச்ச?"

"தெரியல சார்."

"கால்ல படறது தெரியலையா?"

"தெரியல சார்."

முதலாளி கத்தவில்லை. அவர் கத்துகிற மனிதரில்லை. "இதைப் பொழைக்க வை. பொழைச்சா பழையபடி வேலையைப் பாரு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லைன்னா நீயே யோசிச்சுக்கோ. ரூமுக்கும் வேற ஆள் பாக்கற மாதிரி ஆயிடும்" என்றார். சொல்லிவிட்டு, கவிழ்ந்து கிடந்த பூவைக் கையால் நிமிர்த்திப் பார்த்தார். பூ நிற்கவில்லை.

அவர் போன பிறகுதான் அவள் கரைக் கல்லில் இருந்த ஈரக் கால்தடங்களைப் பார்த்தாள். ஒரு தடம் தண்ணீர். அடுத்தது ரத்தம்.

"உக்காருங்க. காலைக் காட்டுங்க. ஐயோ, இவ்வளவு ஆழமா கிழிச்சிருக்கே! வலிக்கலை?"

"இல்லடி. வலிச்சா சொல்ல மாட்டேனா? வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்."

களிமண் அக்கா தன் தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்துக் கொடுத்தாள். அன்று அக்கா வேறு கிண்டல் எதுவும் செய்யவில்லை.

*

பண்ணையின் பின்சுவரை ஒட்டி இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் துணிகள். ஜன்னல் மேடையில் ஒரு கண்ணாடிச் சாடி புதிதாக வந்து உட்கார்ந்தது. அடியில் மணல், மேலே தெளிந்த தண்ணீர், அதற்குள் கிழங்கு. குளிர் ஆகாது என்று முதலாளி ஒரு பல்பை அனுப்பியிருந்தார். அது இரவெல்லாம் சாடியின் மேல் எரிந்தது. தூங்க முடியாமல் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நசுங்கிய இடம் பழுப்பாகிக் கூழாகத் தொடங்கியது. கொக்கு கத்தியை அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்தான். கிழங்கை உள்ளங்கையில் வைத்து, அழுகலைத் துளித் துளியாகச் சுரண்டினான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான்.

"போதும்ங்க. கிழங்கே மிஞ்சாது போலிருக்கு."

"பழுப்பு ஒரு பொட்டு இருந்தாலும் உள்ள ஏறிடும்டி. வெள்ளை தெரியிற வரைக்கும் சீவணும். பாவம் பாத்தா செத்துடும்." கடைசியாக ஒரு சீவல் சீவிவிட்டு அவளிடம் நீட்டினான். "பாரு. வெள்ளை வந்துடுச்சு. இனிமே ஆறிடும்."

பூஞ்சாண மருந்தைப் பால் மாதிரி கரைத்து, அதில் கிழங்கை முக்கி வைத்தான். காலையும் மாலையும் சாடித் தண்ணீரை மாற்றினான். மாற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றினான். குளத்து வேலையையும் விடவில்லை. புண்ணின் மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு இறங்கினான். வெளியே வரும்போது பை நிறையத் தண்ணீர் இருக்கும்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்ங்க."

"போனா நாள் பூரா வரிசையில நிக்கணும். இதுக்கு யாரு தண்ணி மாத்தறது?"

"நான் மாத்தறேன்."

"நீ சூடா ஊத்திடுவ."

"இத்தனை வருஷமா உங்களுக்கு வெந்நீர் வச்சுக் குடுக்கறேன். வெந்தா போயிட்டீங்க?"

அவன் சிரித்தான். "துளிர் விடட்டும்டி. ஒரு துளிர் கண்ணுல பட்டுட்டா போதும். அன்னைக்கே போறேன். உன்மேல சத்தியம்."

"என்மேல எதுக்கு? அந்தக் கிழங்கு மேல பண்ணுங்க. அதைத்தான் இப்போ நீங்க பொண்டாட்டி மாதிரி பாக்கறீங்க."

அடுத்த வாரத்தில் அறைக்குள் ஒரு வாடை வந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. "கிழங்கு போயிடுச்சுங்க, வாடை தாங்கல" என்றாள் அவள். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாடியை எடுத்து மூக்கருகே வைத்து மோந்தான். இன்னொரு தடவை மோந்தான்.

"இல்லையே. தண்ணி சுத்தமா இருக்கு. நீ மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். சாடியில் எந்த வாடையும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவன் காலில் இருந்த கட்டை அவிழ்த்தாள்.

மறுநாள் காலை முதலாளி அறை வாசலில் நின்று கேட்டார். "எப்படி இருக்கு?"

"வீக்கம் இறங்கவே இல்ல சார்" என்றாள் அவள்.

"கிழங்குக்கு வீக்கமா?"

"இல்ல சார். கால்."

"ஓ, காலா." அவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே, "ஆயின்மெண்ட் ஏதாவது போடச் சொல்லு. பல்பை மட்டும் அணைச்சுடாதீங்க" என்றார்.

*

அன்று பொழுது சாயும் நேரம். அல்லிகள் கூம்பிவிட்டன. அவள் கை கால் கழுவிக்கொண்டு மண் கொட்டகைக்குப் போனபோது கொக்கு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். காலைத் தூக்கித் தொடையின் மேல் வைத்திருந்தான். கையில் கிழங்கு சீவும் கத்தி. பக்கத்தில் குவளையில் பால் நிறத்தில் மருந்துத் தண்ணீர்.

"என்ன பண்றீங்க!"

"கத்தாதடி. கத்தியைத் தீயில காட்டிட்டேன்."

"அது மனுஷக் கால்ங்க!"

"ரெண்டும் தண்ணிக்குள்ள கிடக்கறதுதானே. அழுகல் எதுல இருந்தாலும் அழுகல்தான். அந்தக் கிழங்கு நல்லாயிட்டு வருதா இல்லையா, நீயே சொல்லு."

நல்லாயிட்டுத்தான் வந்தது. சீவிய இடம் காய்ந்து, தோல் போல இறுகியிருந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"வலிக்காதா?"

"தொட்டுப் பாரு. ஒண்ணுமே தெரியல. இதுவே வலிச்சா என்னால முடியுமா? வலிக்காதது நல்லதாப் போச்சு." அவன் குனிந்து சுரண்டத் தொடங்கினான். கிழங்கைச் சுரண்டியபோது இருந்த அதே நிதானம். "வெளிச்சம் போதல. அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடி."

அவள் விளக்கைப் பிடித்தாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளிச்சம் ஆடுகிறது என்று அவன் சொன்னதும் திரும்பி நேராகப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்தான். இதோ. வெள்ளை வந்துடுச்சு பாரு. மருந்தை ஊத்து."

அவள் குவளையை எடுத்து ஊற்றினாள்.

*

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அவனுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஹோட்டலுக்கு வெள்ளை அல்லிகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பி நின்றது. ஊதா வராவிட்டாலும் வெள்ளை போயாக வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். டிரைவர் கொக்கைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வழியாத்தான் போறேன். பின்னாடி ஏறுங்க. செடி சாயாம பாத்துக்கணும்" என்றான்.

களிமண் அக்கா அவனைத் தோளில் தாங்கி ஏற்றிவிட்டாள். "சாடித் தண்ணியை நான் மாத்தறேன். வெதுவெதுன்னு ஊத்தறேன். நீ எதையும் நினைக்காம போ தம்பி" என்றாள்.

தொட்டிகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லை. இலைகள் அவன் மார்பின் மேலும் மடியின் மேலும் கிடந்தன. ஈரச் சாக்கை அவற்றின் மேல் போர்த்தியிருந்தார்கள். வெயில் ஏற ஏற, கண்ணைத் திறக்காமலேயே அவன் முனகினான்.

"சாக்கு காயுதுடி. தண்ணி தெளி."

வாளியிலிருந்து கையால் அள்ளி அவள் சாக்கின் மேல் தெளித்தாள். அதே ஈரக் கையை அவன் நெற்றியில் வைத்தாள். மறுபடி சாக்குக்கு. மறுபடி நெற்றிக்கு. வழி முழுக்க அப்படியே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவன் விரலில் குத்தி ரத்தம் சோதித்தாள். இளம் பெண். கண்களுக்குக் கீழே கருவளையம்.

"இவருக்குச் சர்க்கரை இருக்கே, தெரியாதா?"

"எங்களுக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்கம்மா. காலு மரத்துப் போயிருந்துச்சு. தண்ணியில நிக்கறதாலன்னு நினைச்சோம்."

"அது சர்க்கரையினாலம்மா. வலி தெரியாம போயிடும். இந்தக் காயத்துல என்ன போட்டீங்க?"

"செடி மருந்து."

"யாரு இப்படி வெட்டினது?"

"அவரேதான். அழுகல் போகணும்னு. வெள்ளை தெரியிற வரைக்கும் சீவினாரு. அப்புறம் ஆறிடும்னு சொன்னாரு. நான்தான் விளக்கு பிடிச்சேன். வெள்ளை வந்துதுங்கம்மா. நானே பாத்தேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க பாத்தது எலும்பும்மா" என்றாள்.

கால் முட்டிக்குக் கீழே போயிற்று. மயக்கம் தெளிந்த பிறகு அவன் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. அவள் போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டே இருந்தாள். எப்படி இழுத்தாலும் அது சரியாகவில்லை.

"விடுடி. இப்போதான் நெஜக் கொக்கு" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. "துளிர் விட்டுச்சாமா?" என்று கேட்டான்.

"தெரியல. மாத்துத் துணி எடுக்கப் போவேன்ல. பாத்துட்டு வந்து சொல்றேன்."

"விட்டிருந்தா புதுத் தொட்டியில வச்சுடச் சொல்லு. குருத்து மண்ணுக்கு மேல தெரியணும். அக்காவை ரொம்ப அமுக்க வேணாம்னு சொல்லு." அவன் கை போர்வையின் தட்டையான பக்கத்தைத் தடவியது. "இப்போ வலிக்குதுடி. இல்லாத இடத்துல வலிக்குது. அப்போ வலிச்சிருக்கக் கூடாதா?"

*

அவள் பண்ணைக்கு வந்தபோது ஜன்னல் மேடைச் சாடியின் முன்னால் முதலாளி நின்றிருந்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. கிழங்கின் தலையிலிருந்து சுருட்டிய காகிதம் போலச் செம்பழுப்பில் ஒரு துளிர் எழும்பித் தண்ணீர் மட்டத்தைத் தொட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, ஊசி முனை அளவுக்கு.

"பாத்தியா! பொழைச்சுடுச்சு! உன் வீட்டுக்காரன் கையே கை. நான் சொன்ன சொல் மாற மாட்டேன். உடம்பு தேறினதும் வரச் சொல்லு. அவன் வேலை அவனுக்குத்தான்."

அவள் சொன்னாள். மெதுவாக, இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

முதலாளி சாடியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "ஐயோ. முட்டிக்குக் கீழயா?" என்றார். உண்மையாகவே அவர் முகம் வாடியது. "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே. நான் வேணாம்னா சொன்னேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வண்டி அனுப்பியிருப்பேனே."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குளத்துல இனி அவனால இறங்க முடியாது. பரவாயில்ல. உங்களை நான் நடுத்தெருவுல விட மாட்டேன். நீ இறங்கு. கூடவே இருந்து பாத்தவதானே. ரூம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சார்." அவள் தயங்கினாள். "பூட்ஸ் ஒண்ணு..."

"பூட்ஸா? உனக்குத் தெரியாதா என்ன? இதுலயும் ஒரு மிதி மிதிச்சா அவ்வளவுதான்."

கொட்டகையில் களிமண் அக்கா புதுத் தொட்டியோடு காத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். கை முழுக்கக் களிமண். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"ரொம்ப அமுக்க வேணாம்னு சொன்னாருக்கா. குருத்து மேல தெரியணுமாம்."

"அங்க படுத்துக்கிட்டும் அதிகாரம் பண்றாரா?" என்றாள் அக்கா. முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு கிழங்கைச் சுற்றி மண்ணை விரல் நுனியால் ஒற்றினாள். பச்சைக் குழந்தைக்குப் போர்த்துவது போல ஒற்றினாள்.

குளக்கரையில் அவள் செருப்பைக் கழற்றினாள். அவனுடைய ரப்பர் செருப்புகள் இரண்டும், அவன் கடைசியாக இறங்கிய நாளில் விட்ட இடத்திலேயே, வாரில் பாசி பிடித்துக் கிடந்தன. அவள் அவற்றை ஓரமாக நகர்த்தி வைத்தாள். தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவளுக்குத் தண்ணீர் இடுப்பு வரை வந்தது. ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கித் துழாவினாள். வழவழவென்று தண்டு. சேறு. செங்கல்லின் முனை. மறுபடி சேறு.

"மூலைக்குப் போ. பழைய இடத்துலயே வை" என்றார் முதலாளி கரையிலிருந்து. "கையை ஆட்டாதே."

மூலையை நெருங்கியபோது பாதத்தில் சுரீரென்று ஏறியது. அன்று உடைந்த தொட்டியின் சில். யாரும் பொறுக்கவே இல்லை.

அவள் நின்றுவிட்டாள். தொட்டி தண்ணீர் மட்டத்தில் லேசாக ஆடியது. துளிர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"என்னாச்சு? செடிக்கு ஏதாவதா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு, வலித்த இடத்தை அந்தச் சில்லின் மேல் மறுபடி வைத்து, மெல்ல அழுத்திப் பார்த்தாள். வலித்தது. இன்னொரு முறை அழுத்தினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். "செடி நல்லாருக்கு."